புவார் இல்லாத ஜனாதிபதி

அவர் ஒரு நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. ஐந்தாம் மாடியில் எங்கள் கதவுக்கு எதிர்க்கதவில் குடியிருந்து, நடையின் கோடியில் இருந்த ஒரே கழிவறையை எங்களோடு பாவித்த மனிதர் எப்படி ஜனாதிபதியாக இருந்திருக்க முடியும் என்று கேட்பார்கள். பிரெஞ்சில்தான் கேட்பார்கள். நானும் அதையே எனக்குள் தமிழில் பல தடவை கேட்டிருக்கிறேன்.

அவருடைய பெயரையும் நாட்டின் பெயரையும் எழுதப்போவதில்லை. கடலுக்கு அப்பால், பிரெஞ்சுக்காரர் ஆண்டுவிட்டுப் போன ஒரு சின்ன நாடு. அங்கே அவரைத் திட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நல்லவர் என்கிறவர்களும் இருக்கிறார்கள். 

எண்பதுகளின் நடுவில் பாரிஸின் லாச்சப்பலில், ரூ பஜோலுக்குப் பக்கத்துச் சந்தில் எங்களுக்கு ஓர் அறை கிடைத்தது. என் கணவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். நான் வீட்டிலிருந்தபடி கோட்டுகளுக்கு உள்துணி தைத்துக் கொடுத்தேன். எதிர் அறையில் ஒரு கறுப்பினத் தம்பதி. அந்த மனிதருக்கு அறுபது வயது இருக்கும். உயரமான, மெலிந்த ஆள். வீட்டுக்குள்ளும் கழுத்துப்பட்டி கட்டியிருப்பார். தன் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்பித்தவர். ஆட்சியில் இருந்தவனின் காலம் சட்டப்படி எப்போதோ முடிந்துவிட்டது என்று ஒரு புத்தகம் எழுதினாராம். புத்தகம் வெளிவந்த கிழமையே மனைவியையும் கூட்டிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. பாரிஸில் ஒரு தனியார் கல்லூரியில் மணிக்கணக்குக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மடாம் என்பதும் அந்நியமாக இருந்தது. ஒருநாள் என்னை அறியாமல் "அக்கா" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து நான் வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பவில்லை. பருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. இரண்டு சிறுநீரகங்களும் பழுது. ஒன்றுவிட்டொருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினோடு படுத்து இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும்.

எனக்குப் பிரெஞ்சு சொல்லித் தந்தவர் அக்காதான். அதனால் அவர் பேசியதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், என் காதில் அப்படித்தான் கிடக்கிறது. அவருடைய கணவரின் பிரெஞ்சு அச்சடித்த புத்தகம் போல இருக்கும். அதை அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் குடிபோன முதல் குளிர்காலத்தில் எங்கள் அறைச் சுவருக்குள் போன தண்ணீர்க் குழாய் வெடித்தது. தண்ணீர் பாய்ந்து கட்டிலின் காலைத் தொட்டுவிட்டது. தைத்து வைத்திருந்த கோட்டுகளையெல்லாம் நான் மேசைக்கு மேல் ஏற்றினேன். தண்ணீரை நிறுத்தும் பூட்டு கீழே காவல்காரியின் அறையில் இருந்தது. அவள் போர்த்துக்கல்லுக்குப் போயிருந்தாள். போகும்போது அறையைப் பூட்டி, கடிதங்களை உள்ளே வாங்கி வைக்கும்படி திறப்பைப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போனது எங்களுக்குத் தெரியும். என் கணவர் ஓடிப்போய் அவருடைய கதவைத் தட்டினார்.

அவர் வந்து எட்டிப் பார்த்தார். 

"திறப்பு என்னிடம் இருக்கிறது. ஆனால் கடிதங்களுக்காக மட்டும்தான் தந்தார். மற்றப் பொருள்களைத் தொட எனக்கு அனுமதி தரவில்லை. அது என் புவாருக்குள் இல்லை."

புவார் என்றால் பிரெஞ்சில் அதிகாரம். அந்தச் சொல்லை நான் படித்தது அன்றைக்குத்தான்.

"என்னவாம்?" என்று நான் கேட்டேன்.

"புவார் இல்லையாம்," என்றார் என் கணவர். "விசர் மனுசன். வீடு கடலாப் போகுது, இந்தாள் சட்டம் கதைக்குது."

பேராசிரியர் தன் அறைக்குள் போனார். கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தப்போகிறார் என்று நினைத்தேன். வாளி ஒன்றும், அக்காவின் துவாய்கள் எல்லாமும், பழைய கம்பளி ஒன்றும் கொண்டு திரும்பி வந்தார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுத் தரையில் முழங்காலில் இருந்தார். கட்டட முகவர் ஆளனுப்பிப் பூட்டை மூடும்வரை, அந்தப் பின்னேரம் முழுக்க, துவாயை நனைப்பதும் வாளியில் பிழிவதுமாக இருந்தார். என் கணவர் களைத்துக் கட்டிலில் ஏறிக் குந்திவிட்டார். பேராசிரியர் குந்தவில்லை. கழுத்துப்பட்டியின் நுனி தண்ணீரில் ஊறிக் கறுத்துப்போயிருந்தது.

அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்: "கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான் இதைத்தான் பாக்கிறன்."

அன்றிலிருந்து எங்கள் பொடியள் மத்தியில் அவருக்கு அந்தப் பெயர் விழுந்தது, புவார் இல்லாதவர். மரியாதையில்லாமல் சொல்லவில்லை. ஏனென்றால் எங்கள் ஆட்களின் அகதி விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டபோதெல்லாம் மேன்முறையீடு எழுதித் தந்தவர் அவர்தான். காசு வாங்க மாட்டார். அக்காவுக்குப் பிடித்த வாழைக்காய் கொண்டுபோனால் மட்டும் வாங்குவார்.

என் கணவருக்கும் நிராகரித்துவிட்டார்கள். நாங்கள் போய் அவர் முன்னால் இருந்தோம். ஊரில் இராணுவம் என் கணவரைப் பிடித்துக்கொண்டுபோய் ஒரு பகல் வைத்து விசாரித்துவிட்டு விட்டது. பிறகு வீட்டை எரித்தது. நடந்தது அவ்வளவுதான்.

"மாசக்கணக்கா வைச்சு அடிச்சதெண்டு போடச் சொல்லு," என்றார் என் கணவர் என்னிடம். "எல்லாரும் அப்பிடித்தான் எழுதுகினம்."

அதற்குள் அக்காவிடம் படித்திருந்த பிரெஞ்சில் நான் மொழிபெயர்த்தேன். பேராசிரியர் பேனையை மூடி வைத்தார்.

"அடித்தார்களா?"

"இல்லை."

"நடந்ததை எழுதுகிறேன். நடந்ததே போதும். போதாது என்று அவர்கள் சொன்னால் பிழை அவர்களுடையது. நான் ஒரு அடியைச் சேர்த்தால் பிழை நம்முடையதாகிவிடும்."

வெளியில் வந்து என் கணவர் சுவரில் குத்தினார். "உந்தாளை நம்பி நான் ஊருக்குத் திரும்ப விமானத்திலை ஏறப்போறன், பாத்திரு." எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு யாரிடம் போவது?

அந்த மேன்முறையீட்டுக்கு முடிவு வருவதற்கு முன்பே அவருடைய நாட்டில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஆண்டுகொண்டிருந்தவன் குடும்பத்தோடு விமானம் ஏறி ஓடிவிட்டான். இராணுவமும் கட்சிகளும் ஒன்றையொன்று நம்பவில்லை. தேர்தல் நடக்கும்வரை நாட்டைப் பொறுப்பெடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. கட்சி இல்லாத, படை இல்லாத, ஒருவரும் பயப்படத் தேவையில்லாத ஆள்.

ஒருநாள் கோட்டும் சூட்டும் போட்ட நாலைந்து பேர் மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் படிகளில் ஏறி வந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. திறந்தபோது அவர்கள் எல்லாரும் அவருக்கு வழிவிட்டு விலகி நின்றார்கள்.

அக்கா என் அறைக்கு வந்து தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"இவரை ஜனாதிபதி ஆக்கப்போகினமாம்."

"நல்ல விசயம்தானே அக்கா?"

"ஏன் இவரைப் பிடிச்சவங்கள் தெரியுமோ? குடுத்ததைத் திருப்பித் தாற ஒரே ஆள் இவர்தான்."

அக்காவால் கூடப் போக முடியவில்லை. அந்த நாட்டில் இரத்தம் சுத்தம் செய்யும் மெஷின் இல்லை. ஒன்று இருந்ததாம், ஓடிப்போனவனின் தாய்க்காக வாங்கியது. அவள் செத்த பிறகு பழுதாகிவிட்டது. பேராசிரியர் புறப்பட்ட காலை என்னிடம் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்.

"மடாம், ஆஸ்பத்திரிக்கு அவளோடு போய்வர முடியுமா? இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. அதனால்தான் கேட்கிறேன்."

"ஓம்," என்றேன். தமிழில்தான் வந்தது. அவரும் "ஓம்" என்றார். ஆம் என்பதற்கு எங்கள் பொடியள் சொல்வது. அவர்களிடமிருந்து அவர் பிடித்துக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் அது.

கீழே மளிகைக் கடை வைத்திருந்தவர் ஒரு பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர். கட்டடத்தில் வெளிநாட்டுக்குப் பேசக்கூடிய தொலைபேசி அவர் கடையில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பூசை முடிந்த நேரத்துக்கு ஜனாதிபதியின் அழைப்பு அந்தக் கடைக்கு வரும். மணியடித்ததும் பாண்டிச்சேரிக்காரர் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் விறைப்பாக நிமிர்ந்து நிற்பார்.

"போன்ழூர், முசியே லெ பிரெசிதான்!" என்பார். பிறகு தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு எங்களிடம்: "வாங்கம்மா, வாங்க. பிரெசிதான் லைன்ல இருக்காரு. நம்ம பில்டிங்குக்கு வந்த பேறைப் பாத்தீங்களா?"

நான் அக்காவின் இடுப்பைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வருவேன். அக்கா கணவரை நீ என்றுதான் கூப்பிடுவார். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு ஆசையாக இருந்தது. "சாப்பிட்டியா? சேட்டை ஆர் தேய்ச்சுத் தாறது? தொலைக்காட்சியிலை உன்ரை கொலர் சுருங்கிக் கிடந்தது."

அவர் போன புதிதில் அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒரு இளம் அதிகாரி வந்தான். இனிமேல் மடாமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கார் வரும் என்றான். கறுப்புக் கார். சந்துக்குள் திரும்ப முடியாமல் முனையில் நின்றது. அக்கா நல்ல சட்டை போட்டு, காதுக்குத் தோடும் போட்டுக்கொண்டார். லாச்சப்பல் கடைக்காரர் எல்லாம் வெளியில் வந்து பார்க்க, நானும் அவரும் அந்தக் காரில் போனோம். திரும்பி வரும்போது அக்காவுக்குத் தலை சுற்றவில்லை. வாந்தி வரவில்லை. படியிலும் என்னில் அவ்வளவு சாயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சந்தோசமாகச் சொன்னார். மறுமுனையில் நீண்ட நேரம் ஏதோ பேச்சு. அக்காவின் முகம் மாறியது. தொலைபேசியை வைத்துவிட்டு அரிசி மூட்டையில் இருந்தார்.

"கார் வேண்டாமாம். அரசியல் சாசனத்திலை ஜனாதிபதிக்குத்தான் கார் சொல்லிக்கிடக்காம். அவற்ரை பெண்சாதிக்கு இல்லையாம்."

"ஏனக்கா, இதைக்கூடச் செய்யக்கூடாதோ?" என்று கோபமாகக் கேட்டேன். "வருத்தக்காரரெல்லே நீங்கள்."

"நான் அரசாங்கத்துக்காக வருத்தக்காரி ஆகேல்லையாம்." அக்கா சிரிக்கப் பார்த்தார். "இவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு ஆத்திரம். இந்த மனுசன் ஒருநாளாவது பிழையாச் சொல்லக்கூடாதோ?"

பாண்டிச்சேரிக்காரர் ஒரு தோடம்பழத்தைத் துடைத்துக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு நாட்டு ஜனாதிபதியின் மனைவி என் தோளைப் பிடித்தபடி மெத்ரோவில் போய் வந்தார். திரும்பும்போது உடம்பில் இருந்த தண்ணீரையெல்லாம் மெஷின் இழுத்திருக்கும். தெரு மட்டத்துக்கு மேலே பாலத்தில் நிற்கும் லாச்சப்பல் நிலையத்திலிருந்து கீழே இறங்க அந்தப் படிகளில் குந்திக் குந்தி வருவோம். ஏறுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

என் கணவரின் மேன்முறையீடு வென்றது அந்த நாட்களில்தான். ஒரு அடியும் சேர்க்காத அந்த மேன்முறையீடு. முடிவு வந்த அன்று என் கணவர் எதிர்க்கதவுக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே பேராசிரியர் இல்லை என்று தெரிந்தும் நின்றார்.

பிறகு அந்தச் சம்பவம் நடந்தது. வாக்காளர் பதிவுக்காக வரிசையில் நின்ற சனத்தின்மேல் இராணுவம் சுட்டது. கடையில் இருந்த சின்னத் தொலைக்காட்சியில் பார்த்தோம். செருப்புகள் சிதறிக் கிடந்தன. பிறகு அவருடைய முகம் வந்தது. ஒரே குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், விசாரணை நடத்தும்படி இராணுவச் சபையைக் கேட்டிருப்பதாகச் சொன்னார். கேட்டிருப்பதாக! எங்கள் ஊரில் சுடுவித்தவர்கள் பேசிய மாதிரியே எனக்குக் கேட்டது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

அந்த ஞாயிறு அக்கா கத்தினார். கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"அந்த ஜெனரலைத் தூக்கு! இண்டைக்கே தூக்கு!"

மறுமுனையில் என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியும். படைக்குத் தலைமை இராணுவச் சபை, அதன் தலைவர்தான் அந்த ஜெனரல். இடைக்காலத் தலைவருக்குத் தேர்தலை நடத்தும் அதிகாரம் மட்டும்தான்.

"நீ ஜனாதிபதியோ, இல்லாட்டி எங்கடை கட்டடக் காவல்காரியோ?" என்று கேட்டுவிட்டு அக்கா தொலைபேசியை அடித்து வைத்தார். பாண்டிச்சேரிக்காரர் தன் கன்னத்தில் அடி விழுந்தது போல நின்றார்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் தொலைக்காட்சியில் அவரைப் பார்த்தோம். செத்தவர்களின் பெட்டிகளைச் சனம் தூக்கிக்கொண்டு போனது. கடைசிப் பெட்டிக்குப் பின்னால், காவலர் ஒருவரும் இல்லாமல், அவர் தனியே நடந்து போனார். இரண்டு பக்கமும் துவக்கோடு சிப்பாய்கள். யாரோ அவர்மேல் மண்ணை அள்ளி எறிந்தார்கள். அவர் துடைக்கவில்லை. ஒரு கிழவி வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தாள். அக்கா தொலைக்காட்சியின் கண்ணாடியில் கையை வைத்தார்.

"உப்பிடித்தான் இவர்," என்றார். "தடுக்க ஏலாது. கூட நடப்பார்."

தேர்தல் கிட்டவந்தபோது அக்காவுக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்துவிட்டார்கள். கணவரை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அவருக்குக் கணவர் யார் என்று தெரியாது.

"சொல்லாதை," என்றார் அக்கா. "ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் நான் நித்திரை எண்டு சொல்லு."

"பொய் சொல்ல மாட்டன் அக்கா."

"அப்ப நீயும் அவரும் ஒரே சாதி."

ஞாயிறு கடைக்குப் போனேன். பாண்டிச்சேரிக்காரர் தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஒரு நாட்டின் தலைவரோடு, எனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில், நான் பேசினேன். அக்கா நித்திரை இல்லை என்றேன். இருதயம் என்றேன். டாக்டர் வரச் சொல்கிறார் என்றேன்.



"மடாம், சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். இடைக்காலத் தலைவர் நாட்டின் எல்லையைத் தாண்டினால் பதவி அந்த நிமிடமே இராணுவச் சபையின் தலைவருக்குப் போகும். தலைவர்கள் ஓடிப்போவதைக் கண்ட மக்கள் இவர்கள். அதனால் சாசனத்தில் அந்த வரியை நான்தான் எழுதினேன். நானே எழுதினேன், மடாம். நான் விமானத்தில் ஏறினால் தேர்தல் இல்லை. ஜெனரல் அதற்காகத்தான் காத்திருக்கிறார். அவரே எனக்கு விமானம் தர முன்வந்துவிட்டார்."

அவர் சொன்னது முழுக்க விளங்கவில்லை. ஆனால் வரமாட்டார் என்பது விளங்கியது.

"அக்கா செத்துப்போவா," என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

"ஓம்," என்றார்.

நான் அதற்குப் பிறகும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அவரும் வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில் பாண்டிச்சேரிக்காரர்தான் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி வைத்தார். "விடும்மா," என்றார். "என்ன பண்றது. அவரும்தான் என்ன பண்ணுவாரு."

அந்தக் கிழமையே ஒரு காலை அக்கா போய்விட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். பாந்தான் மயானத்தில் அடக்கம் செய்தோம். பாதிரியாரும், எங்கள் கட்டடத்து ஆட்களும், அவர்களுடைய நாட்டவர் சிலரும். தூதரகம் பெரிய மலர்வளையம் அனுப்ப முயன்றதாகவும், மேலிடத்திலிருந்து மறுத்துவிட்டதாகவும் அந்த இளம் அதிகாரி சொல்லி அழுதான். தன் சொந்தக் காசில் வாங்கிய சின்னப் பூங்கொத்து ஒன்று அவன் கையில் இருந்தது.

தேர்தல் நடந்தது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வென்றார். பேராசிரியர் குறித்த நாளில் பதவியை அவரிடம் ஒப்படைத்தார். இன்னும் ஆறுமாதமாவது இருங்கள், ஜெனரல் அடங்கும்வரை இருங்கள் என்று எல்லாரும் கெஞ்சினார்களாம். வென்றவரே கெஞ்சினாராம். காலம் முடிந்துவிட்டது என்றாராம் இவர்.

ஒரு பின்னேரம் கையில் ஒரு பையோடு ஐந்து மாடியும் ஏறி வந்து என் கதவைத் தட்டினார். அறைத் திறப்பைக் கொடுத்தேன். உள்ளே போனார்.  பிறகு தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அக்காவின் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவற்றை நான் ஏற்கெனவே கழுவி வைத்திருந்தேன்.

பதவி முடிந்த அன்றே அரச கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாதாரணக் கடவுச்சீட்டில் வந்திருந்தார். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போனதால் பிரான்சில் பழைய அகதி உரிமையும் போய்விட்டது. மறுபடியும் முதலிலிருந்து. என் கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவரை அகதிப் பதிவு செய்யும் பிரிபெக்தூருக்குக் கூட்டிப்போனார். வெளியில் வளைந்து வளைந்து நின்ற வரிசையில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். அவரிடம் எழுதுவித்தவர்கள் சிலர் அவரை அடையாளம் கண்டு முன்னுக்கு வரச் சொன்னார்கள். அவர் அசையவில்லை.

வின்டோவுக்குப் பின்னால் இருந்த பெண் கடைசியாகச் செய்த வேலை என்ன என்று கேட்டாளாம்.

"அரச சேவை, மடாம். தற்காலிகமானது."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது என் கணவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார்.

அந்த வருடம் முடிவதற்குள் ஜெனரல் வாத்தியாரை விரட்டிவிட்டு ஆட்சியைப் பிடித்துக்கொண்டார். பாண்டிச்சேரிக்காரர் கடையைப் பூட்டாமலே மேலே ஓடி வந்தார். கதவுக்கு வெளியில் நின்று, "முசியே, எல்லாம் போச்சு முசியே," என்று தமிழிலேயே சொன்னார். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"அவரைக் கொன்றுவிட்டார்களா?" என்று மட்டும் பேராசிரியர் கேட்டார். இல்லை, வாத்தியார் தப்பி ஓடிவிட்டார் என்றோம். "நல்லது," என்றார். கதவைச் சாத்தினார். சில நாள் கழித்துக் கோட்டும் சூட்டும் போட்டவர்கள் மறுபடி படியேறி வந்தார்கள். தான்தான் இடைக்கால ஜனாதிபதி என்று அவர் மீண்டும் அறிவித்தால் உலகம் ஏற்கும் என்றார்களாம். திறந்த கதவு வழியாக அவர் குரல் கேட்டது. எனக்கு அந்த அதிகாரம் இல்லை, ஐயா. அதே குரல்தான். ஏற்றமும் இறக்கமும் இல்லை.

எங்களுக்குப் பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் வீடு கிடைத்தது. சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு, விடைபெற அவரிடம் போனேன். மனதுக்குள் ஒரு வருடமாக ஊறிக்கிடந்தது வாயில் வந்துவிட்டது.

"முசியே, நீங்கள் வந்திருந்தால் அக்கா உங்களைப் பார்த்திருப்பா. நீங்கள் வரவில்லை. நாடு இப்போது ஜெனரலிடம்தான் இருக்கிறது. என்ன கிடைத்தது?"

புவார், சாசனம் என்று ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"எனக்குத் தெரியவில்லை, மடாம்," என்றார்.

கதிரையை என் பக்கம் நகர்த்திவிட்டார். நான் இருந்தேன். அவர் வந்த நாளிலிருந்து அக்காவின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்.

"அவள் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா?"

சொன்னா. போவதற்கு முதல்நாள் பின்னேரம். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னா: "அவர் வந்தால் உள்ளுக்கு விடாதை. திருப்பி அனுப்பிப்போடு."

அதை அக்கா சொன்ன பிரெஞ்சிலேயே அவரிடம் சொன்னேன்.

 வசனத்தை மனதுக்குள் பிரித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு.

"எந்தக் குரலில் சொன்னாள்?"

எனக்குக் குரலைச் சொல்லப் பிரெஞ்சு போதவில்லை. தமிழும் போதாது. அதனால் அக்காவைப் போலவே சொல்லிக் காட்டினேன். கோபமாக வந்தது. அப்படி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி சொன்னேன். இந்த முறை அவரைக் கேலி செய்யும்போது வரும் அந்தச் சிரிப்போடு வந்தது.

"இதில் எது?"

"தெரியாது, முசியே. உண்மையாகவே தெரியாது."

அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"பரவாயில்லை, மடாம். இரண்டையும் இன்னொரு தடவை சொல்லுங்கள்."

சொன்னேன்.